நாற்காலிக்கு ஒரு நம்பர் போடுங்கள்

சென்னையில் பெரிய இசைக் கச்சேரிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவர்களுக்காக டிக்கெட் விற்கும் செயலி நிறுவனங்களுக்கும்,

இன்னொரு மூத்த கலைஞரின் கச்சேரிக்கு டிக்கெட் விற்பனை தொடங்கிவிட்டது. புது ஆல்பம் வெளியான சூட்டோடு சூடாகக் கச்சேரி அறிவிப்பு. அவர் பெயர் இங்கே வேண்டாம். அவர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை. என் புகார் உங்கள் டிக்கெட் பக்கத்தின் மேல். சில்வர், கோல்ட், டைமண்ட், பிளாட்டினம் என்று நகைக்கடை போர்டு மாதிரி வகைகள். மேல் வகை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில், பொடி எழுத்தில் மூன்று நிபந்தனைகள். ஒவ்வொரு வகைக்குள்ளும் முதலில் வருபவருக்கே முதலில் இடம். அரங்க அமைப்பை எப்போது வேண்டுமானாலும் மாற்றும் உரிமை அமைப்பாளருக்கு உண்டு. விற்ற டிக்கெட்டுக்கு எக்காரணம் கொண்டும் பணம் திரும்பாது.

மூன்றையும் சேர்த்துப் படியுங்கள். காசை இப்போதே வாங்கிக்கொள்கிறோம், எங்கே உட்கார வைப்போம் என்று சொல்ல மாட்டோம், உட்கார முடியாமல் போனாலும் எங்களிடம் வராதே. இதைத்தானே எழுதியிருக்கிறீர்கள்? 2023 செப்டம்பருக்குப் பிறகும் இப்படி எழுத முடிகிறதே என்ற கோபத்தில்தான் இந்த மடல்.

அந்த செப்டம்பரை யாரும் மறந்திருக்க முடியாது. ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' கச்சேரி முதலில் ஆகஸ்ட் 12 அன்று நடப்பதாக இருந்தது. மழையால் தள்ளிப்போய் செப்டம்பர் 10 அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பனையூரில் நடந்தது. கையில் டிக்கெட்டோடு வந்த எத்தனையோ பேர் உள்ளேயே போக முடியாமல் திரும்பினார்கள். நெரிசலில் தங்களிடம் அத்துமீறினார்கள் என்று பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். குழந்தைகளைத் தவறவிட்டுத் தேடிய பெற்றோர் இருந்தார்கள். சாலையில் முதலமைச்சரின் வாகனமே சிக்கிக்கொண்டது. பொறுப்பேற்பதாக அமைப்பாளர்கள் அறிவித்தார்கள், காவல் துறை வழக்குப் பதிந்தது. உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை அனுப்புங்கள் என்று ரஹ்மான் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார். நாமெல்லோரும் விழித்துக்கொள்ள இந்த முறை நானே பலியாடாக இருந்துவிட்டுப் போகிறேன் என்றும் எழுதினார்.

ஆடு பலியாகிவிட்டது. விழித்துக்கொண்டது யார்?

நான் அந்தக் கச்சேரிக்குப் போகவில்லை. நான் போனது அதற்குப் பிறகு, வேறொரு கலைஞர், வேறொரு அமைப்பாளர். நகரத்தைத் தாண்டி ஒரு திறந்த மைதானம். கூட வந்தது எழுபது வயதைக் கடந்த அம்மாவும், கல்லூரி படிக்கும் அக்கா மகளும். அம்மாவுக்கு மூட்டு வலி. அதனால்தான் சில்வரே போதும் என்றவளிடம் சண்டை போட்டு கோல்ட் எடுத்தேன். முன்னால் உட்காரலாம், நடை குறைவு, பக்கத்தில் கழிப்பறை இருக்கும் என்று ஒரு கணக்கு. மூன்று பேருக்கும் சேர்த்து டிக்கெட் விலை, அதற்கு மேல் கன்வீனியன்ஸ் ஃபீ, அதற்கு மேல் ஜி.எஸ்.டி. என்று கட்டி முடித்தபோது மாசச் சம்பளத்தில் ஒரு நல்ல பங்கு போயிருந்தது. சரி, இது என்ன தினமுமா நடக்கிறது என்று தேற்றிக்கொண்டோம்.

வாசலில் டிக்கெட் சரிபார்க்க நின்றவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். ஆளுக்கொரு செல்போன், அதிலேயே ஸ்கேனிங். கூட்டம் சேரச் சேர அங்கே சிக்னல் செத்துப்போனது. எங்கள் செல்லிலும் டிக்கெட் திறக்கவில்லை, அவர்கள் செல்லிலும் ஸ்கேன் ஆகவில்லை. பின்னாலிருந்து தள்ளல் அதிகமானதும் அந்தப் பையன் கையைத் தூக்கிவிட்டான். "ஸ்க்ரீன்ஷாட் இருந்தா காட்டிட்டுப் போயிட்டே இருங்க." நல்ல மனசோடுதான் சொன்னான், பாவம். ஆனால் அந்த நிமிஷத்தோடு உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கு போய்விட்டது. ஒரே ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டி நான்கு பேர் போகலாம். வெள்ளி டிக்கெட் தங்கத்துக்குள் போகலாம். போனார்கள்.

கோல்ட் பகுதியின் தகரத் தடுப்புக்கு முன்னால் ஒரு பவுன்சர் நின்றார். "மேடம், கோல்ட் ஃபுல். பின்னாடி சில்வர்ல எங்கயாச்சும் உட்காருங்க."

"கோல்டுக்குத்தானேப்பா காசு கட்டியிருக்கேன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம். கேட்டை மூடச் சொன்னாங்க, மூடிட்டேன்."

கச்சேரி தொடங்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. தடுப்பின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். வரிசை முழுக்கத் துப்பட்டா, தண்ணீர் பாட்டில், ஹெல்மெட். ஒரு ஆள் ஆறு நாற்காலிக்குக் காவல். நாற்காலிகளை நான்கு நான்காக பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டியிருந்தார்கள். அதை ஒருவர் பைக் சாவியால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுபட்ட நாற்காலி ஒன்று தலைக்கு மேலே கை மாறிக் கை மாறிப் போனது. அது எந்தப் பகுதிக்குப் போய் இறங்கியது என்று எனக்குத் தெரியவில்லை, அமைப்பாளருக்கும் தெரிந்திருக்காது. அம்மாவை சில்வர் பகுதியின் ஓரத்தில் ஜெனரேட்டர் பக்கம் போட்டிருந்த ஒரு மரப்பெட்டியில் உட்கார வைத்தோம். பாடகர் மேடைக்கு வந்தது எங்களுக்கு எல்.இ.டி. திரையில் தெரிந்தது. அதிலும் பாதியை ஸ்பீக்கர் கம்பம் மறைத்தது.

மறுநாளே புகார் எழுதினேன். நாங்கள் வெறும் விற்பனைத் தளம், அமைப்பாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது செயலி. அமைப்பாளரின் முகவரிக்கு எழுதினால், உங்கள் கருத்துக்கு நன்றி என்று இயந்திரம் ஒன்று பதில் போட்டது. அதோடு சரி. கன்வீனியன்ஸ் ஃபீ வாங்கும்போது மட்டும் வெறும் தளமாக இல்லாதவர்கள், நியாயம் கேட்கும்போது தளமாகிவிடுகிறார்கள்.

எங்கள் ரசிகர் குழுவில் இதைச் சொன்னபோது என்ன நடந்தது என்பதையும் எழுதியாக வேண்டும். உங்களுக்கு இருக்கும் தைரியத்தில் பாதியை நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம். அங்கே ஏற்கெனவே புது ஆல்பத்தைப் பற்றிக் காரசாரமாகச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. பழைய மெட்டுகளின் சாயல் என்று ஒரு கோஷ்டி, இந்த வயதில் இப்படி ஒரு சோதனையா என்று வாய்பிளந்த ஒரு கோஷ்டி. கச்சேரியில் புதுப் பாட்டை எத்தனை பாட வேண்டும், பழசை எத்தனை பாட வேண்டும் என்று பட்டியலே போட்டுவிட்டார்கள். ரசிகர்கள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். நடுவில் நான் நாற்காலி விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கோஷ்டியும் ஒன்றாகிவிட்டது. "தலைவர் கச்சேரிக்குப் போயிட்டு நாற்காலியைப் பத்திப் பேசுறீங்களே அக்கா." இன்னொருவர், "தரிசனத்துக்குப் போனா கூட்டம் இருக்கத்தான் செய்யும்."

தம்பி, தரிசனத்தையே எடுத்துக்கொள்வோம். திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு டிக்கெட்டில் தேதியும் இருக்கிறது, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்றும் இருக்கிறது. ஏழுமலையானே நேரம் குறித்துக் கொடுக்கிறார். பத்தாயிரம் வாங்கும் கச்சேரிக்காரர் ஒரு நம்பர் கொடுக்க மாட்டாரா?

நம் ஊரில் நம்பர் போடும் பழக்கமே இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. மார்கழியில் மியூசிக் அகாடமியில் டிக்கெட் வாங்கினால் வரிசையும் இருக்கை எண்ணும் அதில் இருக்கும். அரசு விரைவுப் பேருந்தில் ஜன்னல் சீட்டைத் தேர்ந்தெடுத்து நாகர்கோவில் போகிறோம். தியேட்டரில் எந்த வரிசையில் எந்த இருக்கை என்று விரலால் தொட்டு எடுப்பதற்கு உங்களைப் போன்ற செயலிகள்தான் எங்களைப் பழக்கின. அந்தத் தியேட்டர் டிக்கெட்டுக்கு உச்சவரம்பும் உண்டு. 2017 அக்டோபரில் மல்டிபிளக்ஸுக்கு 150 ரூபாய், வரி தனி என்று அரசு நிர்ணயித்தது. நூற்றைம்பது ரூபாய்க்கு எண் போட்ட நாற்காலி, பத்தாயிரத்துக்கு மைதானத்தில் ஓட்டப் பந்தயம்.

திறந்த மைதானத்தில் நம்பர் போட முடியாது என்பதையும் ஏற்க மாட்டேன். தற்காலிக நாற்காலிதான், ஆனால் அதன் முதுகில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவது பெரிய தொழில்நுட்பம் இல்லை. கல்யாண மண்டபத்தில் டைனிங் ஹால் நாற்காலியை எண்ணி இறக்கும் வாடகைக் கடைக்காரர் உங்களுக்கும் எண்ணித்தான் இறக்குகிறார், எண்ணித்தான் பில் போடுகிறார். எத்தனை நாற்காலி என்பது உங்களுக்குத் தெரியும். அதை எங்களிடம் சொல்லாமல் இருப்பதில்தான் உங்களுக்கு வசதி.

அந்த வசதி என்ன என்று நான் புரிந்துகொண்ட வரை சொல்கிறேன், தவறென்றால் திருத்துங்கள். டிக்கெட் விற்கத் தொடங்கும் நாளில் மேடை எந்தப் பக்கம், எத்தனை வரிசை என்று உங்களிடமே இறுதித் திட்டம் இருப்பதில்லை. விற்பனை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தடுப்பை முன்னும் பின்னும் நகர்த்துகிறீர்கள். நம்பர் போட்டுவிட்டால் நகர்த்த முடியாது. அப்புறம் இலவச பாஸ். விளம்பரதாரருக்கு இத்தனை, அதிகாரிகள் வீட்டுக்கு இத்தனை, கலைஞரின் ஆட்களுக்கு இத்தனை, கடைசி நாளில் யாரோ ஒருவர் போன் போட்டுக் கேட்பது இத்தனை. நம்பர் இல்லாத வரைக்கும் பாஸுக்குக் கணக்கு இல்லை. பாஸில் வந்தவர் என் நாற்காலியில் உட்காரவில்லை, 'ஒரு' நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். எனக்கென்று ஒரு நாற்காலி குறிக்கப்படாததால், அது பறிபோனதை என்னால் நிரூபிக்கவும் முடியாது. கடைசியாக, 'ரசிகர்களின் வேண்டுகோளுக்கு இணங்கக் கூடுதல் டிக்கெட்டுகள்' என்று ஒரு அறிவிப்பு வருமே, அதைப் போட முடிவதும் நம்பர் இல்லாததால்தான். அந்தக் கூடுதல் ஆட்கள் எங்கே உட்காரப் போகிறார்கள் என்று யாரும் கேட்க முடியாது.

இது சொகுசுக்கான சண்டை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்து நகரமான பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் 41 பேர். ஒன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டம், இன்னொன்று அரசியல் கூட்டம். இரண்டிலும் நுழைவுச் சீட்டுக் கச்சேரிபோல யாரும் காசு கொடுத்து இடம் வாங்கவில்லை என்பது சரிதான். எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே தெரியாத கூட்டங்கள் அவை. உங்களுக்கோ ஒவ்வொரு தலையும் தெரியும், ஒவ்வொரு தலைக்கும் காசு வாங்கியிருக்கிறீர்கள். கூட்டத்தின் அளவைத் துல்லியமாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அதைச் சொல்லாமல் இருந்தால், அதற்கு அஜாக்கிரதை என்று பெயர் வைப்பதுகூடப் பெருந்தன்மைதான். முதலில் வருபவருக்கே முதலில் இடம் என்ற அந்த ஒரு வரிதான் மூன்று மணிக்கே மக்களை வெயிலில் கேட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கேட் திறந்ததும் ஓட வைப்பதும் அதுதான். தனக்கென்று இடம் இருக்கிறது என்று தெரிந்தவர் எதற்காக ஓடப் போகிறார்?

மூத்த கலைஞர்களின் ரசிகர்கள் உலகம் முழுக்க டிக்கெட்டுக்காகச் சண்டை போடுகிறார்கள், இது உங்கள் ஊரில் மட்டுமா என்று கேட்பீர்கள். கேளுங்கள். அமெரிக்காவில் ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் 2023 சுற்றுப்பயண டிக்கெட்டுகள் முந்தைய ஆண்டு விற்பனைக்கு வந்தபோது, தேவையைப் பார்த்து ஏறும் விலைமுறையில் சில டிக்கெட்டுகள் ஆயிரக்கணக்கான டாலரைத் தொட்டன. உழைக்கும் மக்களைப் பாடியவர் இப்படிச் செய்யலாமா என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 1980இலிருந்து அவருக்காகவே நடந்துவந்த 'பேக்ஸ்ட்ரீட்ஸ்' என்ற ரசிகர் இதழ், மனம் விட்டுப்போய் 2023 பிப்ரவரியில் கடையைச் சாத்தியது. நாற்பத்து மூன்று வருஷ விசுவாசம் அது. நம் ஊர் ரசிகர் மன்றக்காரர்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கலாம்.

அதே ஆண்டு மார்ச்சில் 'தி க்யூர்' இசைக் குழுவின் ராபர்ட் ஸ்மித் வேறு மாதிரி நடந்துகொண்டார். வட அமெரிக்கப் பயணத்துக்கு 20 டாலரிலிருந்து டிக்கெட் வைத்தார், ஏறும் விலைமுறை வேண்டாம் என்றார். ஆனால் விற்ற நிறுவனம் போட்ட கட்டணங்கள் சில இடங்களில் டிக்கெட் விலையையே தாண்டிவிட்டன. ஸ்மித் ரசிகர்களுக்கு முன்னால் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். டிக்கெட்மாஸ்டர் நிறுவனம் மலிவு டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தலா 10 டாலரும் மற்றவர்களுக்குத் தலா 5 டாலரும் திருப்பிக் கொடுத்தது. தொகை சின்னதுதான். ஆனால் மேடையில் நிற்பவர் வாயைத் திறந்தால் கல்லாப்பெட்டியும் திறக்கிறது என்று தெரிந்தது. பதினாறு வருஷ இடைவெளிக்குப் பிறகு 2024 நவம்பரில் அந்தக் குழுவின் புது ஆல்பம் வந்தபோது ரசிகர்கள் பாட்டை மட்டும் பேசினார்கள் என்றால், இந்தப் பழைய கணக்குக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் கட்சி.

நம் ஆள் ஒருவரின் கச்சேரியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 2017 ஜூலை 8, லண்டன் வெம்பிளியில் ரஹ்மானின் 'நேற்று இன்று நாளை'. தமிழ்ப் பாட்டு அதிகம், இந்திப் பாட்டு குறைவு என்று சொல்லிச் சிலர் பாதியில் எழுந்து போனார்கள், காசைத் திருப்பிக் கேட்டார்கள். தமிழில் பெயர் வைத்த கச்சேரியில் தமிழ்ப் பாட்டு இருக்காதா என்று நாமும் பதிலுக்குக் கிளம்பினோம். எவ்வளவு அழகான சண்டை! அவர்கள் சண்டை பாட்டைப் பற்றி. நம் ரசிகர்கள் பனையூரில் போட்ட சண்டை கேட்டைப் பற்றி, பார்க்கிங்கைப் பற்றி, நாற்காலியைப் பற்றி. ஒரு கலைஞர் எழுபதுக்குப் பக்கத்தில் வந்து புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிறார். அது தேறுமா தேறாதா என்று மறுநாள் காலை டீக்கடையில் நாங்கள் அடித்துக்கொள்ள வேண்டும். அந்த உரிமையையும் சேர்த்துத்தான் டிக்கெட்டில் வாங்குகிறோம். எங்கள் வீட்டில் இன்றுவரை நாங்கள் மூவரும் போன கச்சேரியைப் பற்றிப் பேசினால் ஜெனரேட்டரைப் பற்றித்தான் பேச்சு. அவர் புதுப் பாட்டை எந்த இடத்தில் பாடினார் என்று அம்மாவுக்கு நினைவே இல்லை.

இப்போது பாட்டு செல்போனில் கிட்டத்தட்ட இலவசமாகக் கிடைக்கிறது. ஆல்பத்தால் வருகிற காசு சொற்பம். கலைஞர்களுக்குக் கச்சேரிதான் வருமானம் என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் விலை ஏன் இவ்வளவு என்று நான் இங்கே கேட்கவில்லை. என்னைப் போன்றவர்கள் சேர்த்து வைத்துக் கொடுப்போம். கொடுத்ததற்கு என்ன கிடைக்கும் என்பதை மட்டும் எழுத்தில் தாருங்கள் என்கிறேன்.

எழுத்தில் கேட்க எங்களுக்குச் சட்டமும் துணைக்கு இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று ஒரு பிரிவு உண்டு. அரங்கை எப்படியும் மாற்றுவோம், ஆனால் காசு திரும்பாது என்ற உங்கள் வரிகள் அதில் தேறுமா என்று உங்கள் வக்கீலிடமே கேளுங்கள். 2023 நவம்பர் 30 அன்று மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில், முதலில் ஒரு விலையைக் காட்டிவிட்டுக் கடைசிப் படியில் கட்டணங்களை ஏற்றும் தந்திரத்தைத் தவறான வணிக முறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். டிக்கெட் 4,000 என்று போஸ்டரில் போட்டுவிட்டு, பணம் கட்டும் திரையில் வேறு எண் காட்டுகிறீர்களே, அது இதில் வருமா வராதா?

இனி நான் கேட்பவை.

அமைப்பாளர்களே, டிக்கெட் விற்பனை தொடங்கும் முன்பே இருக்கை வரைபடத்தை வெளியிடுங்கள். வகைக்கு எத்தனை நாற்காலி, அதில் பாஸுக்கு எத்தனை என்ற எண்ணிக்கையும் அதில் வேண்டும். ஒவ்வொரு நாற்காலிக்கும் நம்பர், ஒவ்வொரு டிக்கெட்டிலும் அந்த நம்பர். பாஸிலும்தான். இளைஞர்கள் நின்று ஆடிப் பார்க்கத்தான் விரும்புகிறார்கள் என்றால் தாராளமாக ஒரு பகுதியை ஒதுக்குங்கள். ஆனால் அதை நிற்கும் பகுதி என்றே சொல்லி விற்று, எத்தனை பேரோடு நிறுத்துவீர்கள் என்பதையும் சொல்லுங்கள். வயதானவர்களுக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வாசலுக்குப் பக்கத்தில் வரிசை வையுங்கள், அவர்களோடு வருபவர் ஒருவருக்கும் பக்கத்து இருக்கை கொடுங்கள். ஸ்கேன் செய்யும் கருவி சிக்னல் இல்லாமலும் வேலை செய்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள். பெண்கள் புகார் சொல்ல ஒவ்வொரு பகுதியிலும் பெண் பணியாளர்கள் இருக்கட்டும். பவுன்சருக்குக் கேட்டை மூட மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். மூடிய கேட்டின் முன் டிக்கெட்டோடு நிற்பவரை யாரிடம் அனுப்ப வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

செயலி நிறுவனங்களே, கட்டணமும் வரியும் சேர்ந்த முழு விலையை முதல் திரையிலேயே காட்டுங்கள். வாங்கிய டிக்கெட் வாசலில் ஸ்கேன் ஆகவில்லை என்பது உங்கள் கணினியிலேயே பதிவாகிறது. உள்ளே வர முடியாமல் போனவரின் பணத்தை, அவர் கெஞ்சாமலே, உங்கள் ஃபீயோடு சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். தன் வகையில் இடம் கிடைக்காமல் கீழ் வகைக்குத் தள்ளப்பட்டவருக்கு வித்தியாசத் தொகையைக் கொடுங்கள். அமைப்பாளருக்கு முழுப் பணத்தையும் கச்சேரிக்கு முன்பே கொடுத்துவிடாமல் ஒரு பங்கைப் பிடித்து வைத்தால் இது உங்களுக்கு நஷ்டமும் ஆகாது.

இந்த மடலின் நகலைக் காவல் துறைக்கும் மாநகராட்சிக்கும் அனுப்புகிறேன். எண்ணிட்ட இருக்கை வரைபடம் இல்லாத எந்தக் கட்டணக் கச்சேரிக்கும் அனுமதி கொடுக்காதீர்கள். கொடுத்த அனுமதியில் எத்தனை பேர் என்றிருக்கிறதோ அதை டிக்கெட்டிலேயே அச்சிட வையுங்கள். 500 ரூபாய்க்கு மேல் போகும் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அரசு ஜி.எஸ்.டி. வாங்குகிறது. 2024 கடைசியில் சட்டமன்றத்தில் திருத்தம் கொண்டுவந்து கச்சேரிகளுக்குக் கேளிக்கை வரியும் 10 சதவீதம் என்றார்கள். விற்ற டிக்கெட்டுகளை எண்ணி வரி வாங்கத் தெரிந்த நிர்வாகத்துக்குப் போட்ட நாற்காலிகளை எண்ணத் தெரியாதா?

கலைஞர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கி எந்தக் கம்பெனி, அறையில் எத்தனை டிகிரி ஏசி என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதுகிறீர்கள். அதில் ஒரு வரி சேருங்கள்: பார்வையாளர் இருக்கைகளுக்கு எண் இல்லையென்றால் மேடை ஏற மாட்டேன்.

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் விற்பனை இன்னும் முடியவில்லை. கச்சேரிக்கும் நாள் இருக்கிறது. வரைபடத்தை என்று வெளியிடுவீர்கள் என்ற தேதியை உங்கள் டிக்கெட் பக்கத்தில் போடுங்கள், அந்த மூன்று நிபந்தனைகளையும் எடுங்கள். அதைச் செய்தால் மூன்று டிக்கெட் நானே எடுக்கிறேன்; அம்மா இன்னும் அந்த மூத்த கலைஞரின் பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். செய்யவில்லையென்றால், ஏற்கெனவே டிக்கெட் எடுத்துவிட்ட எங்கள் குழுவினர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கி நுகர்வோர் ஆணையம் வரை போவதாக இருக்கிறார்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது. ஆவணங்களைச் சேர்க்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் டிக்கெட் பக்கத்தின் இன்றைய நகல்தான் முதல் ஆவணம்.

இப்படிக்கு,
ஒரு ரசிகை,
குரோம்பேட்டை